கோரிமேட்டுக்கு அந்தப் பக்கம்

நகர்ப்புற வறுமையைப் பார்த்துவிட்டு வரச்சொல்லி என்னை அனுப்பினார்கள். சிங்கப்பூரில் நாங்கள் பன்னிரண்டு பேர் மாதாமாதம் கொஞ்சம் பணம் போட்டு வைக்கிறோம். வருடத்துக்கு ஒரு ஊர் என்று தேர்ந்தெடுத்து அங்கே ஏழைகளுக்கு ஏதாவது செய்வது வழக்கம். இந்த வருடம் புதுச்சேரி. முடிவு செய்தவருக்கு அந்த ஊர்க் கடற்கரை பிடிக்கும் என்பதைத் தவிர வேறு காரணம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. என்ன கொடுப்பது என்பதும் ஏறக்குறைய முடிவாகியிருந்தது: தையல் இயந்திரம். நான் போய், நாற்பது கேள்விகள் கொண்ட படிவத்தைப் பத்து வீடுகளில் நிரப்பி, ஆமாம், தையல் இயந்திரம்தான் என்று சொல்லிவிட்டு வரவேண்டும். சிங்கப்பூரில் குடும்ப உதவி அலுவலகம் ஒன்றில் படிவம் நிரப்பியே தலை நரைத்தவள் நான். அதனால் பொருத்தமான ஆள் என்று நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

திங்கட்கிழமை சென்னையிலிருந்து கிளம்பிய பேருந்து கனகசெட்டிக்குளத்தில் புகைவிட்டு நின்றது. மாநில எல்லை அங்கேதான். "முன் சக்கரம் பாண்டிக்குள்ள வந்துடுச்சு, பின் சக்கரம் இன்னும் தமிழ்நாட்டுல இருக்கு" என்றார் நடத்துநர். இரண்டு அரசாங்கங்களும் சேர்ந்து தள்ளினால்தான் வண்டி நகரும் போலிருந்தது. ஆண்கள் பலரும் அந்தச் செய்தியை வருத்தத்தோடு வாங்கிக்கொண்டு எதிரே இருந்த மதுக்கடைப் பக்கம் ஒதுங்கினார்கள். நான் பெட்டியை இழுத்துக்கொண்டு ஒரு டெம்போவில் ஏறினேன்.

பக்கத்தில் ஒரு மீன்கார அம்மா உட்கார்ந்திருந்தார். காலுக்கிடையில் அலுமினிய அன்னக்கூடை. பிள்ளைச்சாவடி வந்ததும் கரையோரம் கொட்டிக்கிடந்த கருங்கற்களைக் காட்டினார். "அந்தக் கல்லுக்கு அந்தாண்ட எங்க வூடு இருந்துச்சு."

"இப்ப?"

"இப்ப கல்லுக்கு இந்தாண்ட. நாளைக்கு எங்கன்னு கடலைத்தான் கேக்கணும். கடுதாசி மட்டும் பழைய நம்பருக்குத்தான் வருது. தபால்காரரு கடலுக்குள்ள எறங்கியா குடுப்பாரு?" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். டெம்போவே சிரித்தது. நானும் சிரித்தேன், படிவத்தை வெளியே எடுக்கத் தோன்றவில்லை.

தங்கும் விடுதி பிரெஞ்சுக்காரர் பகுதியில். பதிவேட்டில் முகவரி எழுதும்போது சிங்கப்பூர் அடுக்குமாடி எண்ணை எழுதப்போனேன். வரவேற்பில் இருந்த பெண் தடுத்தார். "பாஸ்போர்ட்டுல இருக்கறதையே எழுதிடுங்க மேடம், அதான் சுலபம்." பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் இருப்பது திருச்சி உறையூரில் என் அண்ணன் வீடு. கல்யாணமாகி அங்கிருந்து கிளம்பி இருபத்திரண்டு வருடம் ஆகிறது. அதையே எழுதினேன்.

சாயங்காலம் பெரிய வாய்க்காலைத் தாண்டி ஒரு சந்துக்குள் நடந்தேன். பழைய ஓட்டு வீட்டை அப்படியே வைத்து ஒரு காபிக் கடை ஆக்கியிருந்தார்கள். சுவரில் ஒரு மாடம், அதில் குட்டிக் கள்ளிச்செடி. நன்றாக இருந்தது, படம் எடுத்துக்கொண்டேன். காபி மட்டும் ஆறிப்போய் வந்தது. சிங்கப்பூரில் ஒரு வெள்ளிக்கு, அதாவது ஒரு டாலருக்கு, இதைவிட நல்ல காபி கிடைக்கும்.

செவ்வாய் காலை என்னை ஏழைகளிடம் அழைத்துப்போவதாக ஒப்புக்கொண்டிருந்த உள்ளூர்க்காரருக்குக் காய்ச்சல். கைப்பேசியையும் அணைத்துவிட்டார். விடுதி முற்றத்தில் பத்துப் படிவங்களோடும் ஒரு பிரெஞ்சு ரொட்டியோடும் திகைத்து உட்கார்ந்திருந்தேன். மேசை துடைக்க வந்த பெண் படிவத்தை எட்டிப் பார்த்தார். நாற்பது வயதிருக்கும். கழுத்தில் ஜெபமாலை, கையில் நீலத் துணி. பெயர் பிலோமினா.

"இது யாருக்குக்கா?"

"ஏழைங்களுக்கு" என்று சொன்ன பிறகுதான் எவ்வளவு அசிங்கமாகச் சொல்லிவிட்டேன் என்று உறைத்தது.

அவர் கோபப்படவில்லை. "அப்ப நான் வரலாமா இதுல?" என்று மட்டும் கேட்டார்.

பேச்சுவாக்கில் என் கைப்பேசிப் படங்களைக் காட்டினேன். காபிக் கடை படம் வந்ததும் பிலோமினாவின் விரல் திரையில் நின்றுவிட்டது. "இது எங்க அடுப்பங்கரை" என்றார். "அந்த மாடத்துலதான் உப்பு ஜாடி வெப்பேன். பதினெட்டு வருஷம் வாடகைக்கு இருந்தோம். எம் பொண்ணு அங்கதான் பொறந்தா. போன வருஷம் கடைக்கு வுடப்போறேன்னாரு வூட்டுக்காரரு. நாங்க குடுத்த வாடகையைப்போல மூணு மடங்கு வருதாம். அவரை இன்னான்னு சொல்றது?" கள்ளிச்செடி நட்டிருக்கிறார்களே என்றேன், வேறு என்ன சொல்வது என்று தெரியாமல். "அது தண்ணி கேக்காது. நாங்க கேட்டோம்" என்றார்.

அன்று சாயங்காலம் அவரோடு வீட்டுக்குப் போனேன். எல்லையோரம் இருக்கும் கோரிமேடு வரை பேருந்து. பெரிய அரசு மருத்துவமனைக்கு வந்த வெளியூர்க்காரர்கள் பாயும் பிளாஸ்குமாக நிறுத்தம் முழுக்க நின்றிருந்தார்கள். அங்கிருந்து இருபது நிமிடம் நடந்தோம். வழியில் ஓரிடத்தில் கடைப் பலகைகளில் புதுச்சேரி போய் விழுப்புரம் மாவட்டம் வந்துவிட்டது. எல்லையைத் தாண்டிவிட்டோம். நாட்டை விட்டு நாடு போக எனக்குக் கால் மணி நேர வரிசை வேண்டும். இங்கே ஒரு சாக்கடையைத் தாண்டினால் போதுமாயிருந்தது.

ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை. பிலோமினாவின் கணவர் சவரிமுத்து பெயிண்டர். சுற்றுலா வருகிறவர்கள் முன்னால் நின்று படமெடுத்துக்கொள்ளும் அந்த மஞ்சள் சுவர்களில் பாதி அவர் அடித்தது. மகள் ரோஸ்லின் பிளஸ் டூ முடித்திருந்தாள். மூன்று பேரும் விடிவதற்குள் கிளம்பி ஊருக்குள் போகிறார்கள், இருட்டிய பிறகு திரும்புகிறார்கள். ரோஸ்லின் கல்லூரி இடத்துக்காகக் காத்திருக்கும் நாட்களில் ஒரு மருந்துக் கடையில் நிற்கிறாள்.

நான் படிவத்தை எடுத்தேன். ஏழாவது கேள்வி: "தங்கள் வசிப்பிடம் நிரந்தரமானதா, தற்காலிகமானதா?"

பிலோமினா கணவரைப் பார்த்தார், பிறகு என்னை. "நீங்க எதுக்குக் கேக்கறீங்கன்னு சொன்னா அதுக்குத் தக்கன சொல்லுவேன்க்கா."

இருபது வருடமாக இந்தக் கேள்வியைக் கேட்டுவருகிறேன். இவ்வளவு நேர்மையான பதிலை யாரும் சொன்னதில்லை.

பிறகு விஷயத்தைச் சொன்னார்கள். ரோஸ்லினுக்கு அரசு நர்சிங் கல்லூரியில் சேரும் அளவுக்கு மதிப்பெண் இருக்கிறது. ஆனால் அது புதுச்சேரிப் பிள்ளைகளுக்கான இடம். தொடர்ந்து ஐந்து வருடமாக இங்கேயே குடியிருக்கிறோம் என்று சான்றிதழ் வேண்டும். அதற்கு விசாரிக்க வியாழக்கிழமை பழைய சந்துக்கு வருவாய்த்துறை ஆள் வருகிறார். எட்டு மாதமாக எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் சான்றிதழ் கிடையாது. அடுத்த வாரத்தோடு விண்ணப்பமும் முடிகிறது.

"தமிழ்நாட்டுல கேட்டுப் பாத்தியாம்மா?" என்றேன்.

"கேட்டேன்க்கா. எட்டு மாசம்தான ஆவுது, நீ பாண்டிச்சேரிப் பொண்ணும்மா, அங்கயே கேளுன்னாங்க" என்றாள் ரோஸ்லின். அவள் சொன்னதில் புகார் இல்லை. பேருந்து நேரம் சொல்வதுபோல் சொன்னாள்.

காரப்பொடி மீன் குழம்பு போட்டார்கள். உள்ளங்கையில் பாதிகூட இல்லாத மீன். முள்ளோடு மென்று தின்னலாம். மாங்காய் போட்டிருந்தார்கள். நான் கூச்சமில்லாமல் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். மீதியை ஒரு எவர்சில்வர் தூக்கில் ஊற்றி என் கையில் கொடுத்துவிட்டார் பிலோமினா. வேண்டாம் என்று நான் சொன்னது எனக்கே நம்பும்படியாக இல்லை.

தூக்கின் மூடி தளர்ந்தது. கோரிமேட்டில் ஏறிய பேருந்து ஒவ்வொரு வேகத்தடையிலும் துள்ள, குழம்பு என் மடியில், பையில், படிவங்களில் எல்லாம் வழிந்தது. பக்கத்து இருக்கைக்காரர் எழுந்தே போய்விட்டார். "ஏம்மா, குழம்பு மட்டும் ஊத்தறீங்க, சோறு எங்க?" என்றார் நடத்துநர். விடுதிக்கு வந்து பார்த்தால் ஏழாவது கேள்வி முழுக்கப் புளிக்கறை.

புதன்கிழமை பிலோமினா என்னை லூர்து அக்காவிடம் சேர்த்துவிட்டார். பழைய சந்தில் இன்னும் மிச்சமிருப்பது அவர் வீடு ஒன்றுதான். லூர்து அக்காவின் அப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அவர் வாங்கிப்போட்ட சொந்த வீடு என்பதால் யாராலும் இவரைக் கிளப்ப முடியவில்லை. கனத்த உடம்பு, கறார் பேச்சு. காலையில் இடியாப்பம் விற்கிறார்.

அவர் முன்னறைச் சுவரில் நான்கு ஆணிகள் வரிசையாக இருந்தன. படம் எதுவும் இல்லை. எதற்கு என்று கேட்டேன்.

"நாலு குடும்பத்துக்கு நாலு ஆணி" என்றார். சந்திலிருந்து போன நான்கு வீட்டார் இன்னும் இந்த முகவரியில்தான் ரேஷன் அட்டையும் வாக்காளர் அட்டையும் வைத்திருக்கிறார்கள். யாருக்காவது விசாரணை என்றால் அந்தக் குடும்பம் விடிகாலையிலேயே அடுப்பும் குடமும் துணிமணியுமாக வந்துவிடும். அவரவர் சாமி படத்தை அவரவர் ஆணியில் மாட்டுவார்கள். கொடியில் துணி காயும், அடுப்பில் உலை கொதிக்கும், விசாரிக்க வருகிறவர் பார்த்துவிட்டுப் போவார். மத்தியானத்துக்குள் எல்லாம் மூட்டையாகிவிடும்.

"பொய்தான. ஆனா இன்னா பொய்யி? அவங்க வேலை இங்க, கோயிலு இங்க, பூசையும் கல்லறையும் இங்க. ராத்திரி தூங்கறதுக்கு மட்டும் அந்தப் பக்கம் போறாங்க. தூங்கற எடந்தான் ஊரா?" என்றார்.

எனக்கு அந்த ஏற்பாடு மிகவும் பிடித்துவிட்டது. மறுநாள் நானும் வந்து உட்காரலாமா என்று கேட்டேன். லூர்து அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "வாங்க. ஆனா ஒண்ணும் பேசக் கூடாது."

வியாழன் காலை ஒரு கடையில் லட்டு வாங்கி, கழுவித் துடைத்த தூக்கில் அடுக்கினேன். பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். சிங்கப்பூரில் பக்கத்து வீட்டுச் சீன அம்மாவுக்குக்கூட அப்படித்தான் செய்கிறேன்.

முன்னறையில் முதல் ஆணியில் திரு இருதய ஆண்டவர் படம் தொங்கியது. சவரிமுத்துவின் பெயிண்ட் தெறித்த சட்டை கொடியில் காய்ந்தது. ரோஸ்லின் பள்ளிப் புத்தகங்களைப் பரப்பி வைத்திருந்தாள். பிலோமினா அடுப்பில் பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்தார். நான் மூலையில் நாற்காலியில், வாயை இறுக மூடிக்கொண்டு.

விசாரிப்பவர் பத்து மணிக்கு வந்தார். ஐம்பது வயதுக்காரர், வியர்வையில் நனைந்த சட்டை, கையில் கோப்பு. கடுமையானவர் இல்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். பள்ளி எது, எந்த வருடத்திலிருந்து, கூட யார் யார் என்று கேட்டார். ரோஸ்லின் சொன்னாள். லூர்து அக்கா சாட்சிக் கையெழுத்துப் போட்டார். கால் மணி நேரத்தில் எழுதி முடித்துப் பேனாவை மூடினார். "நல்லா படிம்மா" என்று ரோஸ்லினிடம் சொன்னார்.

பிலோமினா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். இந்த நேரத்தில் லட்டு கொடுக்காமல் எப்போது கொடுப்பது? தூக்கைத் திறந்து முதல் லட்டை விசாரிக்க வந்தவருக்கே நீட்டினேன்.

"எதுக்குங்க?" என்று சிரித்தபடி எடுத்துக்கொண்டார். "நீங்க சொந்தமா?"

"இல்ல சார், சிங்கப்பூர். சும்மா பாக்க வந்தேன். இது பிலோமினாவோட தூக்கு, திருப்பிக் கொடுக்கணும்ல? அன்னைக்கு மீன் குழம்பு ஊத்திக் குடுத்தாங்க, அப்படி ஒரு ருசி. மூடிதான் லூசு. கோரிமேட்டுலேர்ந்து பஸ்ஸுல வர்றதுக்குள்ள பாதி என் மடியிலயே கொட்டிடுச்சு."

சொல்லிவிட்டு நான் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"கோரிமேட்டுலேர்ந்தா?" என்றார் அவர்.

நான் பிலோமினாவைப் பார்த்தேன். அவர் கரண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். விசாரிக்க வந்தவர் சுவரில் இருந்த ஆண்டவரைப் பார்த்தார், பிறகு பக்கத்தில் காலியாக இருந்த மூன்று ஆணிகளைப் பார்த்தார். அவருக்கும் பல வருடப் பழக்கம்தானே, எல்லாம் புரிந்துவிட்டது.

"இல்ல சார், அது வந்து..." என்று நான் ஆரம்பித்தேன்.

"விடுங்கக்கா" என்றாள் ரோஸ்லின். எழுந்து நின்றாள். "சார், எட்டு மாசமா அந்தப் பக்கம் இருக்கோம். அதுக்கு முன்னாடி பொறந்ததுலேர்ந்து இங்கதான். எதுத்த வூடு. இப்ப காபிக் கடை. வேணும்னா வாங்க, என் பேரு செவுத்துல செதுக்கியிருக்கேன், இன்னும் இருக்கும். நாங்களா போவல சார்."

அவர் லட்டைக் கடிக்காமல் தூக்கு மூடியிலேயே வைத்தார். "நான் கேக்காம இருந்திருக்கலாம்மா. கேட்டுட்டேன். இனிமே எழுதாம இருக்க முடியாது." பேனாவைத் திறந்தார். எழுதும்போது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அவர் போன பிறகு யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பிலோமினா அடுப்பை அணைத்தார். சவரிமுத்து சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார், பாதி நாள் கூலியாவது கிடைக்கும் என்று. தனியார் கல்லூரிக்கு நாங்கள் பணம் கட்டுகிறோம் என்று ரோஸ்லினிடம் சொன்னேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

"வேணாம்க்கா. கவர்மெண்ட் சீட்டு கெடைக்கற மார்க்கு வாங்கியிருக்கேன். அத வுட்டுட்டு யாரோ குடுக்கறதுல எதுக்குப் படிக்கணும்?" ஆண்டவர் படத்தை ஆணியிலிருந்து எடுத்துத் துணியில் சுற்றினாள். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்." அடுத்த வருடம் எல்லைக்கு அந்தப் பக்கம் இருபது மாதம் ஆகியிருக்கும் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

லூர்து அக்கா மட்டும் வாசல்வரை வந்து கேட்டார்: "அடுத்த வாரம் ரெண்டாவது ஆணிக்கார அந்தோணி வூட்டுக்கு விசாரணை இருக்கு. அதுக்குள்ள நீங்க ஊருக்குப் போயிடுவீங்க இல்ல?"

வெள்ளிக்கிழமை விடுதி மாடியில் உட்கார்ந்து அறிக்கை எழுதினேன். தையல் இயந்திரம் வேண்டாம். நான் பார்த்த யாரும் வேலை இல்லாமல் இல்லை. ஊரைக் கூட்டுகிறார்கள், வெள்ளையடிக்கிறார்கள், சமைக்கிறார்கள், துவைக்கிறார்கள். அவர்கள் இல்லாவிட்டால் இந்த அழகான தெருக்கள் மூன்று நாள் தாங்காது. அவர்களுக்கு இல்லாதது, வேலை செய்யும் ஊரிலேயே குடியிருக்க ஒரு வாடகை வீடு. நம் பணத்தில் ஒரு பழைய வீட்டை நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்து, கட்டுப்படியாகும் வாடகைக்கு நான்கு குடும்பங்களை வைக்கலாம். எந்த நான்கு என்றும் எழுதினேன். நாம் நான்கு வீட்டுக்குச் செய்வதை அரசாங்கம்தான் நாலாயிரம் வீட்டுக்குச் செய்யவேண்டும் என்றும், அது நம் படிவத்தில் அடங்காது என்றும் எழுதினேன். அனுப்பிய பத்தாவது நிமிடம் ஒருவரிடமிருந்து பதில் வந்தது: "நல்ல யோசனை. ஆனால் தையல் இயந்திரமென்றால் புகைப்படம் நன்றாக வருமே?" இந்த வாக்குவாதம் திரும்பிப் போனதும் இருக்கிறது. விடப்போவதில்லை.

சனிக்கிழமை காலை ஆறரைக்குப் பிலோமினா வழக்கம்போல் காபி கொண்டுவந்து வைத்தார். சர்க்கரை சரியாக இருந்தது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தால் அழுகைதான் வந்தது.

"அழுவாதீங்கக்கா" என்றார். "நீங்க பொய் சொல்லத் தெரியாதவங்க. எங்களுக்கும் அது சரியா வரல, பாருங்க." கண்ணாடித் தம்ளரை எடுத்துக்கொண்டு அடுத்த மேசையைத் துடைக்கப் போனார்.

அன்று சாயங்காலம் சென்னை விமான நிலையம். குடியேற்ற அதிகாரி இளைஞர். பாஸ்போர்ட்டைப் புரட்டிக் கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் முகம் மலர்ந்தார்.

"உறையூரா மேடம்? எங்க மாமா வீடு அங்கதான். இன்னும் இதே அட்ரஸ்தானே?"

"ஆமாம் சார், இதேதான்" என்றேன். குரல் கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. அவர் முத்திரை குத்திக் கொடுத்தார்.